1989-இல் கைமாறிய என் மொரிஸ் மைனர் இதுதானா? உறுதி செய்ய என்ன வழி?

பழைய டீமேக்கர், ஹட்டன்

மொரிஸ் மைனர் காரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று மகன் சொன்னான். அதனால்தான் எழுதுகிறேன். விஷயம் கொஞ்சம் நீளம்.

என்னிடம் இருந்தது 1959ஆம் ஆண்டு மைனர் 1000. நான்கு கதவு, 948 சீசீ, சாம்பல் நிறம், நம்பர் பிளேட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்துள்ள 1 ஸ்ரீ இலக்கம். மிச்ச இலக்கங்களை இங்கே போடவில்லை. முதலில் அது தோட்டத்தில் உதவி மனேஜராக இருந்த ஒரு வெள்ளைக்காரச் சின்னத்துரையின் கார். 1975-இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்ததும் அவர் சீமைக்குப் போய்விட்டார். ஹட்டன் கடைக்காரர் ஒருவர் கைக்கு வந்து, 1981-இல் அவரிடமிருந்து நான் வாங்கினேன். அப்போது எனக்கு மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் டீமேக்கர் வேலை, அதாவது தேயிலை பேக்டரியைப் பார்த்துக்கொள்வது. காரின் பதிவுப் புக்கில் என் பெயர் ஏறியது. 1989-இல் தங்கச்சியின் கல்யாணச் செலவுக்காக வெலிமடை மரக்கறி வியாபாரி ஒருவருக்குக் கொடுத்தேன். ஓப்பன் பேப்பரில், அதாவது வாங்குகிறவர் பெயரை எழுதாத மாற்றப் பத்திரத்தில், கையெழுத்து வைத்துக் கொடுத்ததோடு சரி. அன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் விற்றோம், இன்றைக்கும் பாதிப்பேர் அப்படித்தான் விற்கிறார்கள். அதன் பிறகு அந்தக் காரை நான் பார்க்கவும் இல்லை, தேடவும் இல்லை.

போன மாதம் கெப்பெட்டிப்பொலப் பக்கம் ஒரு சாவீடு. வரும் வழியில் விதைக்கிழங்கு விலை கேட்க மருமகன் ஒரு ஸ்டோரில் நிறுத்தினான். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, பின்னால் சாக்கு அடுக்குக்கு அந்தப் பக்கம் தார்ப்பாய் போட்டு ஒரு மைனர் நிற்பதைக் கண்டேன். வயசான ஆளை யாரும் தடுக்க மாட்டார்கள்தானே, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டேன்.

நிறம் மரூன். யாரோ பிரஷ்ஷால் அடித்திருக்கிறார்கள். நம்பர் பிளேட் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. என் காரில் இரண்டு கதவுக்கும் நடுவிலுள்ள தூணில், திரும்பும் பக்கத்தைக் காட்டக் கை நீட்டுகிற பழைய ட்ரபிகேட்டர் இருந்தது. இதில் அந்த இடம் மழமழவென்று இருக்கிறது. முன்லைட்டுக்குக் கீழே பெரிய சிக்னல் விளக்கு, என்னுடையதில் அது கிடையாது. சீட்டும் வேறு. நம்முடையது இல்லை என்று தார்ப்பாயை இறக்கப் போனவன், இரண்டு விஷயத்தைக் கண்டு நின்றுவிட்டேன்.

ஒன்று, இடதுபக்கப் பின்கதவுக்கு மேலே, கூரையின் தண்ணீர் மடிப்பில் ஒரு நெளிவு. 1983 ஜூலைக் கலவரத்தில் நுவரெலியா எரிகிறது, பதுளை எரிகிறது என்று செய்தி வந்தபோது, காரை பேக்டரி விறகுக் கொட்டிலுக்குள் விட்டு முன்னால் கூரை வரைக்கும் விறகை அடுக்கி மறைத்தோம். யோசனையும் வேலையும் பேக்டரி வாட்சருடையது. அவர் பக்கத்து நாட்டுப்புறத்துச் சிங்களவர். விளக்கு வைக்கவும் பயம். இருட்டில் அடுக்கும்போது ஒரு யூகலிப்டஸ் கட்டை நழுவி அந்த மடிப்பில் விழுந்தது. அவர் மறுநாள் வந்து, "ஐயா, கூரையைக் கெடுத்துவிட்டேன்" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார்! அந்த நெளிவை நான் நிமிர்த்தவே இல்லை.

மற்றது, டாஷ்போர்டில் இடதுபக்கச் சாமான் பெட்டி மூடியில் மேலும் கீழுமாக இரண்டு துளை. கொழுந்து வாட்டும் மாடியில் கழித்துப் போட்ட வெப்பமானி ஒன்றை நான் அங்கே திருகி வைத்திருந்தேன். காருக்குள் எதற்கு என்று எல்லாரும் சிரிப்பார்கள்.

ஸ்டோர்காரத் தம்பிக்கு ஒன்றும் தெரியவில்லை. "அப்பா இரண்டு மைனர் வைத்திருந்தார், ஒன்றை உடைத்து மற்றதுக்குப் போட்டார்" என்கிறார். அப்பா இறந்துவிட்டார். நான் விற்றது அவருக்கும் இல்லை, வேறு ஆளுக்கு. கார் அங்கே பல வருடமாக ஓடாமல் நிற்கிறது. விற்கிற எண்ணம் உண்டு.

என்னுடைய பழைய கணக்குக் கொப்பியில் சேசி நம்பர், என்ஜின் நம்பர் இரண்டும் எழுதி வைத்திருக்கிறேன். அவை காரில் எங்கே இருக்கும்? இரண்டு காரைக் கலந்து கட்டியிருந்தால் எதை நம்புவது? பேப்பர் விஷயத்தில் என்ன செய்ய வேண்டும்? காசு கொடுக்கும் முன் எங்கெல்லாம் குனிந்து பார்க்க வேண்டும்? கல்யாணக் காராக விடுங்கள் என்று மட்டும் யாரும் யோசனை சொல்ல வேண்டாம். அது ஏற்கனவே வீட்டில் வந்துவிட்டது.

கொட்டகலை பாஸ்

டீமேக்கர் ஐயா, நெளிவையும் துளையையும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். நம்பரைப் பாருங்கள்.

பொனட்டைத் திறந்தால், என்ஜினுக்குப் பின்னால் நிற்கிற தகட்டுச் சுவரில் ஒரு சின்னப் பிளேட் ரிவிட் அடித்திருக்கும். நீங்கள் சேசி நம்பர் என்கிற கார் நம்பர் அதில்தான். பிரஷ் பெயின்ட் அடித்தவர் அதற்கும் சேர்த்து அடித்திருப்பார். சுரண்டக் கூடாது. தின்னர் தொட்ட துணியால் பொறுமையாகத் துடையுங்கள். எம்.ஏ.எஸ்.3 என்று தொடங்கினால் நான்கு கதவு, 948. எம்.ஏ.2எஸ்.3 என்றால் இரண்டு கதவு. 3 இருக்கிற இடத்தில் 5 இருந்தால் 1098 சீசீ கார், அதாவது 1962 கடைசிக்குப் பிறகு வந்தது. என்ஜின் நம்பர் ப்ளொக்கில், டைனமோவுக்கு மேலே. அது 10எம்.ஏ. என்று தொடங்கினால் 1098 என்ஜின், உங்களுடையது இல்லை.

பொனட் கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கும். ஒருவர் பொனட்டின் முன்பக்கத்தை அமுக்கிக்கொள்ள, மற்றவர் உள்ளே இழுக்கட்டும். தனியாக நின்று இழுத்தால் கேபிள்தான் கையோடு வரும்.

ரிவிட்டைக் கழற்றிப் பிளேட் மாற்றுகிற ஆட்களும் இருக்கிறார்கள். அதனால் பொடியையும், அதாவது காரின் தகட்டு உடலையும், பார்க்க வேண்டும். நான்கு கதவு மைனரில் தூணுக்குள் ட்ரபிகேட்டர் 1961 வரைக்கும் வந்தது. அதன் பிறகு கிடையாது. மழமழவென்று இருக்கிற அந்த இடத்தில் ஒரு காந்தத்தை வையுங்கள். ஒட்டாவிட்டால் உள்ளே பள்ளம் நிரப்புகிற பட்டி, அதற்குப் பின்னால் ட்ரபிகேட்டர் பெட்டி இருந்த பள்ளம் இருக்கும். ஒட்டினாலும் விட்டுவிடாதீர்கள், தகடு வெட்டி வைத்து வெல்ட் அடித்திருக்கலாம். உள்பக்க ட்ரிம்மைக் கழற்றினால் தெரிந்துவிடும். முன்னால் இருக்கிற பெரிய விளக்கு 1963 கடைசியில் வந்தது. அது உடைத்த மற்ற மைனரிலிருந்து வந்திருக்கும். மட்காட் நான்கும் பொல்ட்டில் நிற்பவை, யாரும் எப்போதும் மாற்றலாம். கூரையை யாரும் மாற்றுவதில்லை. அந்த வகையில் உங்கள் நெளிவுக்கும் கொஞ்சம் மதிப்பு உண்டு.

அப்புறம் துரு. மைனருக்குத் தனி சேசி இல்லை, அடித்தளமும் பொடியும் ஒன்றாகப் பற்றவைத்தது. முன்சீட்டுக்குக் கீழே குறுக்காக ஓடும் பெட்டி, ஜாக் வைக்கிற இடம், பின்பக்க ஸ்பிரிங் லீஃபின் முன்முனை பிடிக்கிற இடம், இந்த மூன்றையும் ஸ்குரூட்ரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் விலையைப் பாதியாக்கிப் பேசுங்கள். கிழங்கு ஸ்டோர் என்கிறீர்கள், தரை ஈரம் ஏறியிருக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் முன்சக்கரம். சக்கரத்தைத் தாங்கும் தண்டு மேலும் கீழும் மரையில் திரும்பும். அந்த மரைக்கு கிரீஸ் போடாமல் விட்டால் தேய்ந்து, ஒருநாள் வளைவில் கழன்று, சக்கரம் மட்காட்டுக்குள் மடங்கிவிடும். மைனர் ஓட்டியவர்களுக்குத் தெரியும். முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, சக்கரத்துக்கடியில் ஒரு கம்பியை விட்டு மேலே நெம்புங்கள். ஆட்டம் இருந்தால் தள்ளிக்கொண்டுகூட ரோட்டுக்கு எடுக்க வேண்டாம்.

உதிரிச் சாமான் கிடைக்குமா என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இங்கிலாந்தில் பாத் நகரத்து சார்ள்ஸ் வேரின் மைனர் கம்பெனி 1990-களில் இலங்கையில் கூட்டுச் சேர்ந்து மைனருக்குப் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தது. வெள்ளைக்காரன் செய்த காருக்கு நம் நாட்டில் தட்டிய தகடு போனது. ஆகையால் மைனருக்குச் சாமான் தேடுவதில் பயம் வேண்டாம்.

கண்டியிலிருந்து பேப்பர்காரன்

ஐயா, கராஜ் வேலையை மெக்கானிக் பாஸ் பார்த்துக்கொள்வார். நான் பேப்பரைச் சொல்கிறேன், எனக்கு அதுதான் தொழில்.

உங்களிடம் 1 ஸ்ரீ நம்பர் முழுதாக இருக்கிறதுதானே. காரைத் தொடும் முன் நாரஹேன்பிட்டவிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் கட்டி அந்த நம்பரின் பதிவு விபரத்தை எடுங்கள். கடைசியாக யார் பெயரில் இருக்கிறது, பதிந்த சேசி நம்பரும் என்ஜின் நம்பரும் என்ன என்று தெரிந்துவிடும். உங்கள் கொப்பியும் அதுவும் பொனட்டுக்கடியில் இருக்கிற பிளேட்டும் ஒத்துவந்தால் போதும்.

ஓப்பன் பேப்பர் என்கிறீர்கள். அது கைமாறிக் கைமாறி, யாரும் பதியாமலே விட்டிருந்தால் இன்றைக்கும் கார் உங்கள் பெயரில்தான் இருக்கும். அப்படி இருந்தால், "உங்கள் பெயர்தானே, சும்மா ஏற்றிக்கொண்டு வாங்கள்" என்று சொல்கிற ஆட்கள் வருவார்கள். கேட்காதீர்கள். நீங்கள் காசு வாங்கி விற்ற சாமான். ஸ்டோர்காரருக்கு விலையைக் கொடுத்து, இரண்டு சாட்சியோடு எழுத்தில் வாங்குங்கள். வாரிசுகள் எல்லாரும் கையெழுத்து வைக்க வேண்டும்.

இறந்தவரின் பெயரில் இருந்தால் மரணச் சான்றிதழ், வாரிசுகளின் சம்மதம் என்று வேலை கொஞ்சம் இழுக்கும், ஆனால் முடியும். நடுவில் எங்கேயோ இருக்கிற மூன்றாவது ஆளின் பெயரில் இருந்தால்தான் தலையிடி. அந்த ஆளைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்காமல் முற்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

வருடா வருடம் எடுக்கிற வாகன வரிப் பத்திரம், அதாவது ரெவனியூ லைசன்ஸ், எடுக்காத வருடங்களுக்கு நிலுவை கேட்பார்கள். வெலிமடை ஊவா மாகாணம், ஹட்டன் மத்திய மாகாணம், அதையும் பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். புகைப் பரிசோதனையும் இன்சூரன்ஸும் இல்லாமல் லைசன்ஸ் இல்லை. என்ஜின் மாறியிருந்தால் அதைப் பதிவில் ஏற்றாமல் ட்ரான்ஸ்பருக்குப் போக வேண்டாம்.

பழைய பிளேட் கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். 1958-இல் அந்தச் சிங்கள ஸ்ரீ எழுத்தை எதிர்த்து, அதற்குத் தார் பூசி நம் ஆட்கள் அடியும் வாங்கினார்கள், சிறைக்கும் போனார்கள். இப்போது அதே எழுத்து இருந்தால்தான் பழைய காருக்கு மதிப்பு என்று கொழும்பில் தேடி அலைகிறார்கள். என்ன சொல்வது!

வத்தளையில் இருக்கிற பதுளைக்காரன்

எல்லாரும் எப்படி வாங்குவது என்றே சொல்கிறீர்கள். நான் வாங்க வேண்டாம் என்று சொல்ல வந்தேன்.

தாத்தாவிடம் இருந்த ஒஸ்டின் ஏ40-ஐ ஹாலிஎலப் பக்கத்தில் கண்டுபிடித்து எடுத்தேன். தாத்தாவின் கார் என்ற ஒரே காரணம். டிங்கரிங் செய்கிறேன் என்று ஒரு கராஜில் கழற்றிப் போட்டார்கள். கதவு ஒரு மூலையில், சீட் ஒரு மூலையில். போகும்போதெல்லாம் "அடுத்த மாசம்". கண்ணாடி ரப்பர் காணோம், டைனமோ காணோம். கடைசியில் பாகமாக ஏற்றிக்கொண்டுபோய் வேறு ஆளுக்குக் கொடுத்தேன்.

ஐயாவுக்கு எழுபது வயது இருக்கும். நல்லபடியாக ஓடுகிற மைனர் நாட்டில் இன்னும் உண்டு. 1977-க்கு முன்னால் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் இந்தக் கார்களைத்தானே ஊர் முழுக்கத் தைத்துத் தைத்து ஓட்டினார்கள். அதில் ஒன்றை வாங்கிச் சாம்பல் நிறம் அடித்துக்கொண்டு நாளைக்கே ஓட்டலாம். வெலிமடையில் நிற்கிற தகட்டுக்கு எதற்கு இவ்வளவு பாடு?

லிந்துலை 98

ஒரு சின்னச் சந்தேகம். 948 சீசீ என்றால் இப்போது ஓடுகிற ஆல்டோவைப் போல சின்ன என்ஜின்தானே? நாலு பேரோடு கினிகத்தேனை ஏற்றம் ஏறுமா?

பழைய டீமேக்கர், ஹட்டன்

எல்லாருக்கும் நன்றி. பாஸ், பேப்பர்காரர் இருவரும் சொன்னதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

பதுளைத் தம்பி, உங்கள் கோபம் நியாயம். ஆனால் ஓடுகிற வேறு மைனர் எனக்குத் தேவையில்லை. கார் வேண்டுமென்றால் மருமகனின் வேகன்ஆர் வாசலில் நிற்கிறது, அதில் ஹீட்டர்கூட உண்டு. நான் ஏழரை வருடம் கையால் கழுவின, கிரீஸ் அடித்த அந்தச் சாமான் எங்கே போய் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும், முடிந்தால் கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

லிந்துலைத் தம்பி, ஏறும். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி ஏறாது. 948-க்கு 37 குதிரைவலு. கித்துல்கலையிலிருந்து ஹட்டனுக்கு வரும்போது கினிகத்தேனைக்குக் கீழேயே மூன்றாம் கியருக்கு வந்துவிடுவேன். கொண்டை ஊசி வளைவில் இரண்டு. ஆள் கூட இருந்து, முன்னால் ஒரு லொறியும் ஊர்ந்தால் முதலாம் கியர். அங்கேதான் விஷயம். மைனரின் முதலாம் கியருக்கு, ஓடும்போது பல்லை இணங்க வைக்கிற சின்க்ரோ கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது சும்மா போட்டால் பெட்டிக்குள் பல்லைக் கடிக்கும் சத்தம் வரும். கிளட்சை அமுக்கி நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, ஒரு தட்டு பெற்றோல் கொடுத்து, திரும்ப அமுக்கி, அப்புறம்தான் முதலாவது. இதெல்லாம் வளைவின் நடுவில், ஒரு கையால் ஸ்டீயரிங்கைச் சுற்றிக்கொண்டு. சரியாக விழுந்தால் சத்தமே இருக்காது. எனக்குப் பழக்கிக் கொடுத்தது ஹட்டன் ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டிய ஒரு முதியவர். அவர் கிளட்சே தொடாமல் போடுவார், நான் அவ்வளவு தூரம் போகவில்லை.

ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். நாலு சக்கரத்துக்கும் ட்ரம் பிரேக், சர்வோ கிடையாது. ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். நாலாம் கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே கித்துல்கலை வரைக்கும் இறங்குகிறவனின் காரில் லைனிங் கருகுகிற வாடை வரும், பெடல் இருக்கும், பிரேக் இருக்காது. ஹெட்லைட்டை டிம் பண்ணுகிற சுவிட்ச் இடது காலுக்குக் கீழே தரையில். மூடுபனியில் வளைவு, கிளட்ச், டிம் மூன்றும் ஒரே காலுக்கு வேலை!

நள்ளிரவில் பேக்டரி ஓடத் தொடங்கும், டீமேக்கருக்குத் தூக்கம் அந்த நேரத்துக்கு ஏற்ற மாதிரித்தான். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாருக்காவது பிரசவ வலி வந்தால் முதலில் தட்டுவது வெளிச்சம் தெரிகிற என் கதவை. சாவியைத் திருப்பினால் பெற்றோல் பம்ப் டக் டக் டக் என்று அடிக்கும். நிறைந்ததும் நின்றுவிடும். நிற்காமல் அடித்தால் ஒன்று டேங்க் காலி, அல்லது எங்கேயோ ஒழுகுகிறது. அது நிற்கிற வரைக்கும் காத்திருந்து, சோக்கை இழுத்து, ஸ்டாட்டர் பொத்தானை இழுப்பேன். பின்சீட்டில் இருக்கிற பெண்கள் "என்ன ஐயா பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்று சத்தம் போடுவார்கள். டிக்கோயா ஆஸ்பத்திரி வரைக்கும் ஒருநாளும் அது வழியில் நின்றதில்லை.

சரி, பதிவு விபரம் எடுக்க மகன் கொழும்பு போகிறான். வந்ததும் எழுதுகிறேன்.

பழைய டீமேக்கர், ஹட்டன்

போய்ப் பார்த்துவிட்டேன். பாதி நல்ல செய்தி, பாதி செலவு.

பொனட்டை இரண்டு பேர் சேர்ந்து திறந்தோம். பிளேட் மேல் இரண்டு பூச்சு மரூன், அதற்குக் கீழே வெள்ளை, அதற்கும் கீழே என் சாம்பல். தின்னர் துணியால் துடைக்கத் துடைக்க முதலில் வந்தது எஸ் எழுத்து, அப்புறம் 3. எம்.ஏ.எஸ்.3. பின்னால் வந்த இலக்கங்களை மருமகன் ஒவ்வொன்றாக வாசிக்க நான் கொப்பியில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். கடைசி வரைக்கும் ஒத்துவந்தது. ரிவிட்டும் பழையதுதான், கை வைத்த அடையாளம் இல்லை.

தூண் விஷயம்: இடதுபக்கம் காந்தம் ஒட்டவில்லை, பட்டி. வலதுபக்கம் ஒட்டியது. ட்ரிம்மைக் கழற்றினால் உள்ளே தகடு வெட்டி வைத்த வெல்ட் கோடு தெரிந்தது. இரண்டு பக்கத்துக்கும் இரண்டு விதமான வேலை, இரண்டு வெவ்வேறு பாஸ் செய்திருக்க வேண்டும்.

என்ஜின் என்னுடையது இல்லை. 10எம்.ஏ. உடைத்த மற்ற மைனரின் 1098-ஐ இதில் இறக்கியிருக்கிறார்கள். என் 948 எங்கே என்று கேட்டால், ஸ்டோர்காரத் தம்பி கொட்டகையின் பின்மூலைக்குக் கூட்டிப்போனார். உரச்சாக்குக்குக் கீழே கிடக்கிறது. கார்புரேட்டர் இல்லை, டைனமோ இல்லை, ப்ளொக்கும் ஹெட்டும் இருக்கிறது. அதிலும் நம்பர் ஒத்துவருகிறது.

குறுக்குப் பெட்டியில் வலதுபக்க முனை ஸ்குரூட்ரைவருக்கு வழிவிட்டது. மற்ற இடங்கள் பரவாயில்லை. இடது முன்சக்கரத்தில் கம்பி வைத்து நெம்பினால் நன்றாகவே ஆடுகிறது. பிரேக் நான்கும் இறுகிவிட்டது.

பதிவு, ஸ்டோர்காரத் தம்பியின் இறந்துபோன அப்பாவின் பெயரில். நான் விற்ற ஆளிடமிருந்து அவர் முறையாக மாற்றியிருக்கிறார். என் பெயர் எப்போதோ கழன்றுவிட்டது. ஒரிஜினல் புக்கைத் தம்பியின் அம்மா அலுமாரியில் புடவைக்கடியில் வைத்திருந்தார், எடுத்துக் காட்டினார். அதன் பழைய பக்கத்தில் என் பெயரும் தோட்டத்து விலாசமும் இருக்கிறது.

இப்போது விலை. ஸ்டோர்காரத் தம்பி முதலில் சொன்ன விலை மலிவு. நான்தான் பழைய சொந்தக்காரன் என்று கொப்பியையும் புக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் அந்த அம்மா விலையை ஏற்றிவிட்டார்! "இவ்வளவு வருஷம் கழித்துத் தேடி வந்திருக்கிறீர்கள், விடவா போகிறீர்கள்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நடுவில் ஒரு விலைக்கு வந்தோம். 948 என்ஜினும் அதோடு சேர்த்தி.

பாஸ், இரண்டு கேள்வி. சக்கரம் இறுகிய காரை லொறியில் எப்படி ஏற்றுவது? ஓட்டுவதற்கு 1098 நல்லதா, பழைய 948-ஐச் செய்து போடலாமா?

கண்டியிலிருந்து பேப்பர்காரன்

புக் கையில் இருக்கிறது, வாரிசு ஒரே வீட்டில் இருக்கிறார்கள், பெரிய தலையிடி போய்விட்டது. மரணச் சான்றிதழின் பிரதியை இப்போதே வாங்கிவிடுங்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் யாராவது இருந்தால் அவர்களின் சம்மதக் கடிதமும் வேண்டும், அதை விசாரியுங்கள். 1098-இன் நம்பரை எழுதிக்கொண்டு, உடைத்த காரின் புக்கும் அந்த அலுமாரியில் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். அது இருந்தால் என்ஜின் எங்கிருந்து வந்தது என்று காட்டச் சுகம்.

விலையைப் பற்றி ஒன்று. இன்னொரு தரம் பழைய காரைத் தேடிப் போனால் கொப்பியை மருமகனிடம் கொடுத்துவிட்டு நீங்கள் வேனுக்குள்ளேயே இருங்கள்.

கொட்டகலை பாஸ்

ஐயா, இறுகிய ட்ரம்மை அங்கேயே விடுவிக்கலாம். பின்பக்கத்தில் முதலில் ஹேண்ட்பிரேக் கேபிளைத் தளர்த்துங்கள். சக்கரத்தைக் கழற்றி, அட்ஜஸ்டரைத் தளர்த்தி, ட்ரம்மின் ஓரத்தில் மரச்சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினால் ஷூ விட்டுவிடும். இரும்புச் சுத்தியல் வேண்டாம், ட்ரம் வெடிக்கும். இடது முன்சக்கரத்தை நம்பித் தள்ள வேண்டாம் என்று முன்னமே சொன்னேன். அந்த மூலைக்குக் கீழே ட்ரொலி ஜாக் ஒன்றை வைத்துத் தள்ளுங்கள், லொறிக்கு வின்ச் இருந்தால் நல்லது. கயிற்றைப் பம்பரில் கட்டாதீர்கள், அது பிடுங்கிக்கொண்டு வரும். வெலிமடையிலிருந்து ஹக்கலை வரைக்கும் நல்ல ஏற்றம், அதனால் லொறியில் பின்பக்கமும் சேர்த்துக் கட்டுங்கள்.

என்ஜினைச் சுற்றிப் பார்க்கிற ஆசை வரும். இப்போது வேண்டாம். நான்கு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு துளைக்கும் கொஞ்சம் ஒயில் விட்டு அப்படியே கொண்டு வாருங்கள். இரண்டு நாள் ஊறிய பிறகு ஹேண்டில் போட்டு நான் சுற்றுகிறேன். டேங்கில் இருக்கிற பழைய பெற்றோலை அங்கேயே வடித்துவிடுங்கள். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலுக்குக் கீழே தரைக்கடியில் இருக்கிறது, அதைக் கழற்றுவது ஒரு நாள் வேலை, பொல்ட்டுக்கு முன்னால், முன்சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக இருக்கிற டோர்ஷன் பார் நிற்கும். அதனால் பிரேக்குக்கு அவசரப்படுத்தாதீர்கள்.

ஓட்டுவதற்கு 1098 போட்டிருக்கட்டும். 48 குதிரைவலு, நம் ஏற்றத்துக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஹட்டன் நாலாயிரம் அடிக்கு மேல், இங்கே காற்று மெலிசு, கார்புரேட்டரின் ஜெட் நட்டைக் கொஞ்சம் ஏற்றிப் பெற்றோலைக் குறைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளக் கறுக்கும். 948-ஐ விற்கவோ இரும்புக்குப் போடவோ வேண்டாம். அதையும் லொறியில் ஏற்றிக் கொண்டு வாருங்கள், திறந்து சிலிண்டர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்துவிட்டுப் பேசுவோம்.

சனிக்கிழமை கொண்டுவந்தால் மதியத்துக்கு முன் வாருங்கள், பின்னேரம் கொட்டகலையில் மழை.